மணிக்கட்டில் வந்த ஆவணம்: திருவனந்தபுரத்துப் பழைய குரோனோகிராஃப்களும் வளைகுடாப் பயணமும்

பழைய இயந்திரக் கைக்கடிகாரங்களைச் சேகரிப்போர் முதலில் கேட்கும் கேள்வி, ‘பெட்டி இருக்கிறதா, தாள் இருக்கிறதா?’ என்பதுதான். கடிகாரம் விற்கப்பட்டபோது உடன் வந்த அட்டைப்பெட்டி, கடைக்காரர் முத்திரையிட்ட உத்தரவாதச் சீட்டு, விலைச்சீட்டு ஆகியவை இருந்தால் அதன் வரலாறு உறுதியாகிவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். இல்லையென்றால் விலை இறங்கும், ஐயமும் பிறக்கும். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் நடக்கும் ஏலங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். திருவனந்தபுரத்துக்கு அது பொருந்தாது. இங்குள்ள வீடுகளின் அலமாரிகளிலும், சாலை பஜாரை ஒட்டிய சந்துகளின் பழுதுபார்ப்பு மேசைகளிலும் கிடக்கும் 1970களின் குரோனோகிராஃப்களுக்குப் பெரும்பாலும் பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. அந்த இன்மையே இங்கே ஓர் ஆவணம் என்பதும், அதைப் படிப்பதற்கான சான்றுகள் கடிகாரத்தின் உள்ளேயே இருக்கின்றன என்பதும், அச்சான்றுகள் இன்று சேகரிப்புச் சந்தையின் கைகளாலேயே அழிந்து வருகின்றன என்பதும் இப்பதிவின் வாதம். பொருள்சார் பண்பாடு, இடப்பெயர்வு ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கடிகாரங்களில் ஈடுபாடு இல்லாதவர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சில சொற்கள். நேரம் காட்டுவதோடு, ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடத் தொடங்கி, மீண்டும் அழுத்தினால் நின்று, மற்றொன்றை அழுத்தினால் தொடக்க நிலைக்குத் திரும்பும் தனி முள்ளையும் உடைய கடிகாரமே குரோனோகிராஃப். கிரேக்க வேர்ச்சொற்களின்படி ‘காலத்தை எழுதுவது’ என்பது பொருள். இன்றைய கைக்கடிகாரம் எதையும் எழுதுவதில்லை. ஆனால் 1821இல் பாரிசில் நடந்த குதிரைப் பந்தயங்களில் நிக்கோலா ரியுசெக் என்பவர் பயன்படுத்திய கருவி உண்மையிலேயே எழுதியது. ஒவ்வொரு குதிரையும் எல்லையைக் கடந்த கணத்தில் சுழலும் முகப்பின்மீது ஒரு மைப்புள்ளியை இட்டது. நெடுங்காலம் அவரே இக்கருவியின் தந்தை எனப் பாடநூல்கள் கூறிவந்தன. பிறகு லூயி முவானே என்னும் பிரெஞ்சுக் கைவினைஞர் செய்த ஒரு கருவி ஏலம் ஒன்றில் வெளிப்பட்டது. அதன் மூடியில் பொறிக்கப்பட்டிருந்த முத்திரைகள், வேலை 1815இல் தொடங்கி 1816இல் முடிந்ததைக் காட்டின. விநாடியின் அறுபதில் ஒரு பங்கை அளக்கக்கூடிய கருவி அது. 2013இல் செய்தி வெளியானபோது துறையின் வரலாறு ஐந்தாண்டுகள் பின்னோக்கி நகர்ந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாற்றத்துக்குக் காரணம் புதிய கடிதமோ காப்பகக் கோப்போ அன்று. இருநூறு ஆண்டுகளாக யாரும் தேய்த்து அழிக்காமல் விட்டுவைத்த சில முத்திரைகள்.

திருவனந்தபுரத்துக்குக் காலத்தைத் துல்லியமாக அளக்கும் பழக்கம் புதிதன்று. பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே, பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே நிற்கும் மேத்தன் மணியை அறியாதவர் இந்நகரில் இல்லை. தாடி வைத்த முகம் மணிக்கொரு முறை வாய் திறக்க, இருபுறமும் உள்ள ஆடுகள் கன்னத்தில் முட்டும் அந்தக் கடிகாரம் சுவாதித் திருநாள் காலத்தின் நினைவு. அதே மன்னரின் ஆதரவில் 1837இல் வானாய்வகம் எழுந்தது. முதல் வானியலாளரான ஜான் கால்டிகாட்டும், 1852 முதல் அப்பொறுப்பை வகித்த ஜான் ஆலன் பிரவுனும் இங்கிருந்து எடுத்த காந்தப்புல அளவீடுகள் உலக அறிவியலில் இடம்பெற்றன. அகத்திய மலை உச்சியிலேயே பிரவுன் ஓர் அளவீட்டு நிலையம் அமைத்தார். நூறாண்டுக்குப் பின், காந்த நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதே காரணமாகத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ஆக, அரண்மனையும் அரசும் காலத்தை அளந்த வரலாறு இந்நகரில் நன்றாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் 1970களில் விநாடியின் ஆறில் ஒரு பங்கை அளக்கவல்ல கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கிய ஓட்டுநரையும் கொத்தனாரையும் பற்றி அந்த வரலாறு பேசுவதில்லை. கண்ணில் படும் நூல்களில் அவர் பொருளாதாரத் தரவாக வருகிறார். அவருடைய கடிகாரம் வருவதில்லை.

அவர் அதை ஏன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது? இங்கே கிடைக்கவில்லை என்பதே விடை. இந்தியாவில் சுவிஸ் கடிகாரங்களின் வணிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாயில் வேரூன்றியது. ஃபாவ்ரே-லூபா, வெஸ்ட் எண்ட் ஆகிய பெயர்கள் நம் பாட்டனார் காலத்து வீடுகளில் வழங்கியவை. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஜனதா போன்ற அதன் கடிகாரங்கள் ஒரு தலைமுறையின் திருமணப் பரிசாகவும் முதல் சம்பளத்தின் அடையாளமாகவும் விளங்கின. ஆனால் அவை மூன்று முட்களோடு நேரம் காட்டியவை. சில தேதியும் கிழமையும் காட்டின. எச்.எம்.டி.யின் இயந்திரக் கடிகார வரிசையில் குரோனோகிராஃப் இடம்பெறவில்லை. எளிய மனிதருக்குக் கட்டுப்படியாகும் கடிகாரம் என்ற கொள்கைக்கு அது தேவையற்ற ஆடம்பரம். அக்கொள்கையை இன்று நான் குறைகூற மாட்டேன். எனினும் விளைவு தெளிவானது. இந்நாட்டில் ஒருவர் கையில் 1970களின் குரோனோகிராஃப் இருக்கிறதென்றால் அது கடல் கடந்தே வந்திருக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த கடிகாரத்தைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பது இதைவிடச் சுவையானது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குற்றம் சாட்டுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொது நீதி. இப்பிரிவு அதைத் திருப்பிப் போடுகிறது: குறிப்பிட்ட பொருள்கள் கடத்தப்பட்டவை என்ற நியாயமான நம்பிக்கையில் பறிமுதல் செய்யப்பட்டால், அவை கடத்தப்பட்டவை அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவரைச் சாரும். அப்பொருள்களில் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவற்றில் முதலாவது பொன். அடுத்து, கைக்கடிகாரங்கள். பொன்னுக்கு அருகே வைத்து எண்ணப்பட்ட பொருளாக அக்காலத்தில் கடிகாரம் இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் காணவில்லை. துபாயிலிருந்து இந்தியக் கரைகளுக்குப் பொன்னும் கடிகாரங்களும் மறைவாக வந்த காலத்தின் அச்சம் அப்பிரிவில் பதிந்திருக்கிறது.

இந்தச் சட்டச் சூழலில் ‘பெட்டியும் தாளும்’ என்ற சொற்களின் பொருளே மாறிவிடுகிறது. பயணி அணிந்து பழகிய சொந்தப் பொருளுக்கும், பெட்டியில் புதிதாக வந்த பொருளுக்கும் சுங்க விதிகள் வேறுபாடு காட்டின. மினுமினுக்கும் அட்டைப்பெட்டி, புதிய பொருள் என்பதை உரக்கச் சொல்லும். மணிக்கட்டில், வியர்வையில், சிறு கீறல்களோடு வருவது பழகிய பொருள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர் கவனக்குறைவானவர் அல்லர், விதியை அறிந்தவர். இது என் ஊகம்தான். ஆனால் பெட்டி இல்லாமையை உரிமையாளரின் அலட்சியமாகவும் அறியாமையாகவும் விளக்கும் சேகரிப்பாளரின் ஊகத்தைவிட இது சூழலோடு கூடுதலாகப் பொருந்துகிறது.

வந்தவர்கள் யார் என்பதைப் பலரும் அறிவீர்கள். 1973இன் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் வளைகுடா நாடுகளில் கட்டுமானம் பெருகியது. கேரளத்திலிருந்து அங்கே சென்றோரின் எண்ணிக்கையும் பெருகியது. இந்நகரின் உள்ளூரில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் நடத்திய முதல் கேரள இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 13.6 லட்சம் என மதிப்பிட்டது. கே. சி. சக்கரியா, இருதய ராஜன் ஆகியோரின் உழைப்பால் விளைந்த அத்தொடர் ஆய்வுகள் இல்லாமல் இத்துறையில் யாரும் ஓரடிகூட நகர முடியாது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் தமிழ்க் குடும்பங்களும் இதே பாதையில் சென்றன. அங்குள்ள வீடுகளிலும் இதே கடிகாரங்களை எதிர்பார்க்கலாம். மொழி எல்லையில் நின்றுவிடும் ஆய்வு இந்தப் பொருளுக்கு ஒவ்வாது.

அவர்கள் கொண்டுவந்தவற்றுள் ஜப்பானியக் கடிகாரங்களுக்குத் தனி இடம் உண்டு. இதற்கும் உலக வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. 1969 வரை குரோனோகிராஃப் என்பது தினமும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரமாகவே இருந்தது. அவ்வாண்டில் மூன்று தரப்பினர் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கை அசைவால் தானே முறுக்கேறும் குரோனோகிராஃபை வெளியிட்டனர். ஜனவரியில் ஜெனித், மார்ச்சில் ஹாயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்களின் கூட்டணி, மே மாதத்தில் சீக்கோ. யார் முதல்வர் என்ற வழக்கு சேகரிப்பாளரிடையே இன்றும் ஓயவில்லை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. உழைக்கும் மனிதர் கைக்கு எது எட்டியது என்பதே என் கேள்வி. சீக்கோ 6139 என்ற எண்ணுடைய கடிகாரம் எட்டியது. அதன் உடன்பிறப்பான 6138, 1972இல் வந்த சிட்டிசன் 8110 ஆகியனவும் எட்டின. இதே 6139ஐத்தான் வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் 1973-74இல் ஸ்கைலாப் விண்கலத்தில் அணிந்திருந்தார். விண்வெளிக்குப் போன முதல் தானியங்கி குரோனோகிராஃப் அது. இன்று உலகச் சந்தையில் அதன் மஞ்சள் முகப்புக்கு அவர் பெயரே வழங்குகிறது. அபுதாபியில் லாரி ஓட்டியவர் பெயரால் எந்த முகப்பும் வழங்கவில்லை.

இனி, இக்கடிகாரத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். பின்மூடியில் ஒரு தொடர் எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் உற்பத்தி ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்களாகவும், அக்டோபர் சுழியமாகவும், நவம்பரும் டிசம்பரும் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளாகவும் வரும். ஆக, ஐந்து என்ற இலக்கமும் ‘என்’ என்ற எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் அது 1975 நவம்பர். இந்த வகை 1969 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகளே செய்யப்பட்டதால் பெரும்பாலும் குழப்பம் இல்லை. ஒன்பதில் தொடங்கும் எண் மட்டும் 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். அங்கே முகப்பில் உள்ள ஒரு சொல் வழக்கைத் தீர்க்கும். தொடக்கக் காலத்தில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று அச்சிட்ட நிறுவனம், 1970ஐ ஒட்டி ‘ரெசிஸ்ட்’ என்று மாற்றிக்கொண்டது. நீர் புகாது என்ற உறுதிமொழி, நீரைத் தாங்கும் என்ற அடக்கமாகச் சுருங்கியது. கல்வெட்டில் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடு இல்லை. உற்பத்தி ஆண்டு வேறு, விற்பனை ஆண்டு வேறு என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே கொள்ள வேண்டும். கடையின் கண்ணாடிப் பேழையில் அது சில ஆண்டுகள் காத்திருந்திருக்கலாம்.

எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கிழமை வட்டு சொல்லும். முகப்பின் சிறு சாளரத்தில் கிழமையைக் காட்டும் வட்டில் சீக்கோ இரண்டு மொழிகளை அச்சிடுவது வழக்கம். உரியவர் விரும்பிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்றவற்றில் ஆங்கிலமும் ஸ்பானியமும். ஜப்பானில் விற்றவற்றில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய எழுத்து. மேற்காசியாவுக்குச் சென்றவற்றில் ஆங்கிலமும் அரபியும். ஆகவே, திருவனந்தபுரத்து வீடொன்றில் அரபு வட்டு உடைய குரோனோகிராஃப் கிடைத்தால் அந்தப் பொருள் தன் கடவுச்சீட்டைத் தன்னுள்ளேயே சுமந்திருக்கிறது எனலாம். இப்பதிவுக்கு முழு நியாயம் கற்பிக்க இந்த ஒரு வட்டே போதும் என்று நினைக்கிறேன். ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள, யாரும் கவனிக்காத உறுப்பு அது.

அடுத்தது பயன்பாடு. 6139இல் வழக்கமான விநாடி முள் கிடையாது. நடுவிலிருக்கும் நீண்ட முள் குரோனோகிராஃபுக்கு உரியது; பொத்தானை அழுத்தாவிட்டால் அது அசையாது நிற்கும். பார்ப்பவருக்குக் கடிகாரமே நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆகவே பலர் அதை ஓடவிட்டு, அப்படியே விட்டுவிட்டனர். அக்கடிகாரத்தின் செங்குத்துக் கிளட்ச் அமைப்பு இடைவிடாத ஓட்டத்தைத் தாங்கக்கூடியது, தீங்கில்லை. ஒரு செயலின் கால அளவைப் பிரித்தளக்க வடிவமைத்த முள், இப்படி ஓயாது சுற்றும் சாதாரண விநாடி முள்ளாகிவிட்டது. முகப்பின் விளிம்பில் வண்டியின் வேகத்தைக் கணக்கிடும் அளவுகோல் இருந்தது. ஊரில் யாரும் அதைக் கொண்டு வேகம் கணக்கிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியானால் அவர்கள் அதை ஏன் வாங்கினார்கள்? இரண்டு பொத்தான்களும் உள்வட்டமும் வண்ண முகப்பும் எச்.எம்.டி.யிலிருந்து அதைத் தொலைவிலேயே வேறுபடுத்திக் காட்டின. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே அது சொன்னது. பணமுடை வந்தால் அடகாகும், மைத்துனருக்குப் பரிசாகும், மகள் திருமணத்தில் மருமகன் கைக்கு மாறும். இதை வெற்றுப் பகட்டு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. மணிக்கட்டில் கட்டிச் செல்லக்கூடிய சேமிப்பு அது.

கடிகாரத்தைத் திறந்தால் இன்னொரு அடுக்கு உண்டு. உலகெங்கும் பழுதுபார்ப்போர் பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் நாளையும் தம் குறியீட்டையும் கீறிவைப்பது வழக்கம். மறுபடி அதே கடிகாரம் வந்தால் தாம் எப்போது பார்த்தோம் என்று அறிய. சாலையில் எனக்குப் பல நாட்கள் நேரம் ஒதுக்கிய மூத்த பழுதுபார்ப்பாளர் ஒருவர், கண்ணில் ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு அக்கீறல்களைக் கையெழுத்தைப் போல அடையாளம் காண்கிறார். ‘இது கிழக்கேகோட்டைக்காரர் கை, அவர் போய் ரொம்ப வருஷமாச்சு’ என்பார். எழுத்தறிவின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய எழுத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கடிகாரம் பழுதுபார்க்கப்பட்டது, எந்த ஆண்டுகளில் பார்க்கப்படாமல் கிடந்தது என்பதிலிருந்து குடும்பத்தின் செழிப்பையும் முடையையும், உரியவர் ஊரில் இருந்த காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். நெடுநாள் பணியாற்றியவர் எனில் கீறல்கள் அவருடைய விடுமுறைகளோடு ஒத்துப்போகக்கூடும். குடும்பத்தாரின் வாய்மொழியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டிய சான்று இது. தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்காது.

இவ்வளவும் அழிவது எப்படி? கடந்த பதினைந்து ஆண்டுகளில் பழைய குரோனோகிராஃபின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. 2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேட்டோனா நியூயார்க்கில் ஏறத்தாழ 1.78 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த உச்சியின் நிழல் நம் ஊர்ச் சந்து வரை நீள்கிறது. வீடுகளிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கப்படும் கடிகாரம் ‘புதுப்பிக்க’ அனுப்பப்படுகிறது. உறை மெருகேற்றப்பட்டு விளிம்புகள் மழுங்குகின்றன. கடற்காற்றில் புள்ளி விழுந்த முகப்பைச் சுரண்டிவிட்டுப் புது வண்ணம் அடிக்கிறார்கள். ‘ரீடயல்’ என்பது தொழில்வழக்கு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இத்தகைய கடிகாரங்களை மும்பையின் பெயரால் அழைத்து ஏளனம் செய்கிறார்கள். இரண்டு மூன்று கடிகாரங்களின் உறுப்புகள் ஒன்றில் சேர்கின்றன. அந்தச் சேர்க்கையில் அரபு வட்டு கழற்றப்பட்டு, வாங்குபவருக்குப் பழக்கமான ஆங்கில-ஸ்பானிய வட்டு மாட்டப்படுகிறது. கீறல்கள் நிறைந்த பின்மூடி ‘அசிங்கம்’ என்று தேய்க்கப்படுகிறது. ஒரு மாலைப்பொழுதில் வளைகுடாவும் சாலையும் அக்கடிகாரத்திலிருந்து நீங்கிவிடுகின்றன. இதில் ஒரு முரண் உண்டு. நியூமனின் கடிகாரம் அந்த விலைக்குப் போனதற்கு முக்கியக் காரணம் அதன் வரலாறு. அதன் பின்மூடியில், வண்டியைக் கவனமாக ஓட்டச் சொல்லி மனைவி பொறித்துக் கொடுத்த வாசகமும் அதில் அடங்கும். அங்கே பின்மூடியின் எழுத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். இங்கே அதைத் தேய்ப்பதற்குக் கூலி கொடுக்கிறோம்.

சேகரிப்பாளர்கள்மீது பழி முழுவதையும் சுமத்த நான் விரும்பவில்லை. பழைய இரும்பு விலைக்குப் போயிருக்க வேண்டிய பல கடிகாரங்களை மீட்டவர்கள் அவர்கள்தாம். தொடர் எண்ணின் இலக்கணத்தைக் கண்டறிந்து எழுதிவைத்தவர்களும் அவர்களே, பல்கலைக்கழகங்கள் அன்று. ரீடயலையும் ஒரே சொல்லால் கண்டிக்க இயலாது. உதிரி உறுப்பு இறக்குமதி அரிதாக இருந்த காலத்தில், வாடிக்கையாளரின் ஒரே கடிகாரத்தை ஓடவைக்க ஒரு பழுதுபார்ப்பாளர் முகப்புக்கு வண்ணம் தீட்டியிருந்தால், பொத்தானைக் கடைந்து செய்து பொருத்தியிருந்தால், அது இந்நாட்டின் தொழில்நுட்ப வரலாறு. பற்றாக்குறையிலிருந்து பிறந்த திறமை. அந்த முகப்பைக் கழற்றிவிட்டு ‘அசல்’ முகப்பைத் தேடிப் பொருத்துவதும் ஓர் அழிப்பே. எனக்கு உடன்பாடில்லாதது, பழையதாகக் காட்டி விற்பதற்காக இன்று செய்யப்படும் ரீடயல். இரண்டையும் பிரித்தறியக் கண்பழக்கம் வேண்டும்: பிசிறு தட்டிய தடித்த எழுத்து, உள்வட்டத்தோடு பொருந்தாத கோடுகள். சுவிஸ் கடிகாரங்களில் மற்றொரு சோதனையும் உண்டு. 1960களிலிருந்து அவற்றின் ஒளிரும் புள்ளிகளில் டிரிட்டியம் இடப்பட்டது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். ஐம்பது ஆண்டில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். அக்காலத்து முகப்பு இருட்டில் இன்றும் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பின்னால் பூசப்பட்டது.

காலம் குறைவாக இருக்கிறது என்பதே என் கவலை. 1975இல் இருபத்தைந்து வயதில் சென்றவர் இன்று எழுபதின் நடுவில் இருக்கிறார். கடிகாரம் மகனிடமோ பேரனிடமோ இருக்கிறது. இணையத்தில் விலை பார்த்த பேரன் விற்க எண்ணுகிறான். அவன் விற்பதில் எனக்கு மறுப்பில்லை, அது அவன் சொத்து. ஆனால் விற்குமுன் அரைமணி நேரம் கிடைத்தால் போதும். ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும், தத்தம் வீட்டில் இத்தகைய கடிகாரம் வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். துடைக்காமல், மெருகேற்றாமல் முகப்பையும் பின்மூடியையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள்; நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. நீங்களே திறக்க முயல வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி உட்புறத்தையும் படம் எடுங்கள். கிழமை வட்டை இரண்டு மொழிகளும் தெரியும்படி நகர்த்திக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நள்ளிரவை ஒட்டிய நேரத்தை முட்கள் காட்டும்போது நகர்த்தினால் பற்கள் சேதமாகும், முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்த பின் செய்யுங்கள். கடிகாரத்தின் உலோகப் பட்டை பிற்காலத்ததா என்று கேளுங்கள். கழற்றப்பட்ட கண்ணிகளை ஏதேனும் டப்பாவில் வைத்திருப்பார்கள், அவற்றையும் எண்ணுங்கள். பிறகு கடிகாரத்தை முதலில் கட்டியவர் உயிரோடு இருந்தால், அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, எந்த ஊரில், எந்தக் கடையில், எத்தனையாவது சம்பளத்தில் வாங்கினார் என்று கேளுங்கள். விலையை அவர் ரூபாயில் சொல்ல மாட்டார். திர்ஹமிலோ ரியாலிலோ தினாரிலோ சொல்வார். அவர் சொன்ன நாணயத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.